ட்ரூரியில் கிடைத்த ரோமக் காசு

நியூசிலாந்து மண்ணைக் கிளறி ரோமாபுரிக் காசு ஒன்றைக் கண்டெடுத்தவர் எனக்குத் தெரிந்து என் மாமா ஒருவர்தான். ஆக்லாந்துக்குத் தெற்கே, ட்ரூரியைத் தாண்டி, ஆடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு புல்வெளியில் எடுத்தார். ரோமர்கள் அவ்வளவு தூரம் வந்தார்களா என்று யாரும் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். காசை அங்கே போட்டவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னைப் பொய்க்காரி என்று சொன்ன ஒரு வகுப்புக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் அப்போது மனுரேவாவில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா விரி என்ற பக்கத்து ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டினார். அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தா. பின்பக்கத்துச் சிறிய அறையில் அம்மாவின் தம்பியான மாமா இருந்தார். மன்னாரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பாதான் அலைந்து திரிந்து தன் கிடங்கிலேயே அவருக்கும் வேலை எடுத்துக் கொடுத்திருந்தார். ஊரில் அவர் எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் அதை ஒரு வேலையாகத்தான் கதைப்பார்கள். ஒருவர் பெட்டி அடுக்குகிறார், ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் கண்ணிவெடி எடுக்கிறார். பெரியவர்கள் எதையாவது செய்து சம்பளம் வாங்குகிறார்கள் என்ற அளவில் எனக்கும் அது விளங்கியிருந்தது.

மாமா எதையும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை. கதவை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சாத்துவார். தெரியாத இடத்துக்குப் போனால் முதலில் தரையைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைப் பார்ப்பார். "இவன் தேத்தண்ணி ஆத்தி முடிக்கிறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிடும்," என்று அப்பா கேலி செய்வார். மாமா சிரித்துக்கொண்டே இன்னும் மெதுவாக ஆற்றுவார். நான் ஆங்கிலத்தில் எதையாவது கேட்டால் அதை யோசித்துத் தமிழில் பதில் சொல்வார். அந்தப் பதில் வருவதற்குள் எனக்குக் கேள்வியே மறந்துபோயிருக்கும். ஆனாலும் அவரை எனக்கு நிறையப் பிடிக்கும். வீட்டில் என்னை ஒரு நாளும் அதட்டாத ஒரே ஆள் அவர்.

எங்கள் கூடத்தில் மடு மாதா படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் பின்பக்கத்தில், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் மாமாவின் காசு இருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. செம்பு, ஆனால் பச்சை பிடித்துப்போயிருந்தது. ஓரம் எலி கொறித்த மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் ஒரு பக்கத்தில் நாடா கட்டிய ஒரு தலை தெரியும். அது ரோமாபுரி ராஜாவின் தலை என்று மாமா சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் மன்னாருக்குப் பக்கத்திலுள்ள மாந்தைத் துறைக்கு வந்த கப்பல்காரர் கொண்டுவந்த காசாம். மழை பெய்து மண் கழுவுப்பட்டால் மாந்தைப் பக்கத்துப் பிள்ளைகள் பொறுக்கி எடுப்பார்களாம். வேலையில் இருந்தபோது மெட்டல் டிடெக்டர் கத்திய முதல் இடத்திலிருந்து இதை எடுத்தாராம். அதனால்தான் மாதாவிடம் வைத்திருக்கிறது என்றா அம்மா. முதல் சம்பளத்தில் கோயிலுக்குக் கொடுப்பதில்லையா, அதுபோல ஏதோ ஒன்று என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பழங்காலத்துப் பொருட்களைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். எனக்கு அடுத்த மேசைப் பையன் தன் தாத்தாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய அந்தப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து வட்டமான கண்ணாடிச் சிமிழ் ஒன்றை எடுத்தார். அதற்குள் ஒரு காசு. தானும் தன் அண்ணனும் ஊரில் வாற்கோதுமை அறுத்த வயல்களில் டிடெக்டரோடு நடந்து தேடியதையும், செம்பு மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்ததால் அது இப்படிப் பச்சை பிடித்துப்போனதையும் சொன்னார். சிமிழ் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. பார்த்தால், எங்கள் மாதாவின் காசுக்குக் கூடப்பிறந்தது. அதே நாடா, அதே தலை.

நான் கையை உயர்த்தி, இது எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மாமாவும் டிடெக்டரால்தான் எடுத்தார், எங்கள் ஊரில் மழை பெய்தால் பிள்ளைகளே பொறுக்குவார்கள் என்றும் சொன்னேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பக்கத்து மேசைப் பையன் பொய்க்காரி என்றான். டீச்சர் அவனைக் கண்டித்துவிட்டு, உலகப்படத்தை விரித்து, ரோமர்கள் ஆண்ட இடத்தை உள்ளங்கையால் அன்பாகத் தடவிக் காட்டினார். எங்கள் இலங்கைத் தீவு அவருடைய முழங்கைக்கு அடியில் மறைந்து கிடந்தது. உங்கள் காசு வேறொரு ராஜாவின் காசாக இருக்கலாம், அதுவும் அழகானதுதான் என்றார். பையன் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டீச்சரின் அந்தக் கனிவுதான் எனக்கு எரிந்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. உன் மாமாவுக்கு டிடெக்டர் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் சனிக்கிழமை என் மகளுடைய பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு வா, என்னிடம் டிடெக்டர் இரண்டு இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் காசைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கேட்டேன். மாமா வழக்கம்போல யோசித்தார்.

"அது காட்டுற சாமான் இல்லை, பிள்ளை."

எல்லோரும் என்னைப் பொய்க்காரி என்கிறார்கள் என்றேன்.

"நீ பொய் சொல்லேல்லைதானே. அது காணாதே?"

காணாது. ஒன்பது வயதில் அது எப்படிப் போதும்? அழுதேன். சனிக்கிழமை பண்ணைக்கு வர மட்டும் இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தார். அதுவும் அம்மா நெருக்கியதால்தான். "தம்பி, வேலை விட்டா அறை, அறை விட்டா வேலை. ஒருக்கா வெளியில போய்க் காத்துப் படட்டும் உனக்கு," என்று அம்மா இரண்டு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தா.

சனிக்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நான் கதிரையில் ஏறி, மாதாவின் பின்னால் கையை விட்டுக் காசை எடுத்தேன். அது திருட்டு இல்லை என்று எனக்கு நானே நிரூபித்து முடித்திருந்தேன். நான் எடுத்துக் காட்டினால்தான் திருட்டு. மாமா எல்லோர் கண்ணுக்கும் முன்னால் மண்ணிலிருந்து எடுத்தால் அது கண்டுபிடிப்பு. அதற்குப் பிறகு எவனாலும் வாயைத் திறக்க முடியாது. ரோமாபுரி ராஜாவுக்கு ட்ரூரியில் என்ன வேலை என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை.

புல்வெளியில் பெரியவரும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் பையனும் இருந்தார்கள். நண்பர்கள் டிடெக்டரை வீசிக்கொண்டு தோட்டத்தில் உலாவுவதுபோல நடந்தார்கள். அது கத்தியதும் மண்வெட்டியை ஊன்றுவார்கள், புல்லைப் பெயர்ப்பார்கள், கையை விட்டு எதையோ எடுப்பார்கள், காலால் மிதித்து மூடிவிட்டு நடப்பார்கள். அரை மணி நேரத்தில் ஒரு பழைய பென்னியும் பித்தளைப் பொத்தான் இரண்டும் ஒரு லாடமும் சேர்ந்துவிட்டன.

மாமா காரிலிருந்து ஒரு கட்டு பார்பிகியூ குச்சிகளை எடுத்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் அம்மாவின் நகப்பூச்சு சிவப்பாகக் காய்ந்திருந்தது. பூச்சு எங்கே போனது என்று அம்மா முதல் நாள் வீட்டையே தலைகீழாகப் புரட்டியிருந்தா. வேலியோரமாக ஒரு மூலையைத் தேர்ந்து, ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒரு பாதை மாதிரிக் குச்சிகளைக் குத்தினார். குறுக்கே ஒரு தடியை வைத்தார். அதற்குப் பின்னால் முழங்காலில் இருந்து, தடிக்கு அப்பால் ஒரு சாண் தூரம் மட்டும் டிடெக்டரை ஆட்டினார். ஒன்றும் கத்தவில்லையென்றால் தடியை ஒரு சாண் நகர்த்துவார். பிறகு தானும் ஒரு சாண் நகருவார். கத்தியபோது அந்த இடத்தில் கையே வைக்கவில்லை. ஒரு முழம் இந்தப் பக்கத்தில் குப்புறப் படுத்து, சின்ன மண்வாரியால் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போனார். இருபத்தைந்து நிமிடம். எடுத்தது ஒரு பியர் போத்தல் மூடி. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பையன் புல்லில் விழுந்து சிரித்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் மாமா டிடெக்டரில் புலி என்று வாரம் முழுக்கச் சொல்லியிருந்தேன். புலி சேற்றில் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தது. பெரியவர் வந்து நின்று பார்த்தார். இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். "வேர்க்," என்று, வேலையில் கற்றது என்பதை ஒரே ஆங்கிலச் சொல்லில் சொன்னார் மாமா, நிமிராமலே. பெரியவர் நண்பர்களைப் பார்த்து அந்த மூலைக்குப் போக வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, வேலிக்கட்டையில் சாய்ந்துகொண்டார்.

இந்த வேகத்தில் போனால் கிறிஸ்மஸுக்கு முன்னால் எதுவும் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காசு என் காலுறைக்குள் இருந்தது. வேலியைச் சுற்றிக்கொண்டு போய், மாமாவின் பாதைக்கு நேர் முன்னால், ஒரு பன்னிரண்டு எட்டுத் தள்ளிப் புல்லுக்குள் நுழைந்தேன். அவர் மூன்றாவது தடவை குப்புறப் படுத்திருந்தார், என்னைக் காணவில்லை. காசை எடுத்து ஈர மண்ணில் வைத்துக் குதிகாலால் அமத்தினேன். ஒரு பச்சைப் பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை.

அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார்.

"அசையாதை."

அவரிடம் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகூட மேய்வதை நிறுத்தியது. ஓடிவிடலாம் என்று ஒரு காலைத் தூக்கினேன்.

"எடுத்த காலை எடுத்த இடத்திலயே வை. வைச்சிட்டு அப்பிடியே நில்."

வைத்தேன். காசை எடுத்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மாதாவின் காசைத் திருடியவளுக்குத் தண்டனை, எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். அது எனக்கு நியாயமாகவே பட்டது. வெட்கத்தில் அழுகை வந்தது, ஆனால் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கவும் பயமாக இருந்தது. பையன் என்னிடம் ஓடிவரப் பார்த்தான். பெரியவர் அவனுடைய ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். நண்பர்களிடம் என்னவோ சொன்னார். அவர்கள் டிடெக்டர்களை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். தூறல் தொடங்கியது.

மாமா ஓடி வரவில்லை. ஓடி வந்து ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தடியை ஒரு சாண் நகர்த்தினார். முழங்காலில் இருந்தார். டிடெக்டரை ஆட்டினார். இரண்டு பக்கமும் குச்சி குத்தினார். மறுபடி தடியை ஒரு சாண் நகர்த்தினார். வழியில் ஒரு இடத்தில் கத்தியது. என்னை அப்படியே நிற்கவைத்துவிட்டு அங்கேயும் படுத்துச் சுரண்டினார். வேலி கட்டுகிற கொளுவி ஆணி ஒன்று. அதையும் பைக்குள் போட்டுக்கொண்டார். நடுநடுவே, "பிள்ளை நல்ல பிள்ளை, அப்பிடியே நில்லுங்கோ, மாமா வாறன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ என்று கூப்பிடுகிறவர் எதற்காக மரியாதை கொடுக்கிறார் என்று அந்த நிலையிலும் எனக்குக் குழப்பமாக இருந்தது.

பன்னிரண்டு எட்டு வர அவருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. அவர் வந்து சேருவதற்குள் மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

என் மானம் திரும்பக் கிடைத்தது, ஆனால் ட்ரூரியில் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் ஒரு தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்து, இலங்கையில் ரோமக் காசு நிறையவே எடுத்திருக்கிறார்கள், அந்தப் பெண் சொன்னது உண்மை, நான் முதலிலேயே தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்றார். டீச்சர் எல்லோர் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பையன் தன் சிப்ஸில் பாதியைக் கொடுத்தான். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. காசு மாதாவின் பின்னால் போய்ச் சேர்ந்தது. அம்மாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அந்தப் புல்வெளியில் இப்போது வீடுகள் வந்துவிட்டன.

வெகுகாலம் கழித்து, நான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு கிறிஸ்மஸ் விருந்துக்குப் பின் மாமா பாத்திரம் கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்னை ஏன் அப்படி நிற்கவைத்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். வேலையில் ஒரு சட்டம் இருந்ததாம். பார்க்காத நிலத்துக்குள் ஒருவர் அகப்பட்டுவிட்டால் அவரிடம் ஓடக் கூடாது. பாதை திறந்துகொண்டுதான் போக வேண்டும், அவர் என்னதான் கத்தினாலும். "எங்கட ஆக்களில ஒருத்தி ஓடினவ," என்றார். அந்த முதல் இடத்தில் காசை எடுக்க ஒரு மணித்தியாலம் குப்புறக் கிடந்ததாகவும், தனக்குத் தெரிந்த செபமெல்லாம் தீர்ந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து தொடங்கியதாகவும் சொன்னார். கடைசியில் வெளியே வந்தது காசு என்றதும் மேற்பார்வையாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வேர்த்தது நீ, நீயே வைச்சிரு என்று.

"இது நியூசிலாந்து எண்டு எனக்குத் தெரியாமல் இல்லை, பிள்ளை," என்றார் மாமா, ஒரு பானையைக் கழுவிக்கொண்டே. "ஆனா நீ குச்சிக்கு அங்கால நிண்டாய்."

அன்று அவர் என் பக்கத்தில் வந்துவிட்டார். தடியைக் கடைசித் தடவை நகர்த்தினார். டிடெக்டரை என் சப்பாத்துக்கு முன்னால் ஆட்டினார். அது கத்தியது. பக்கத்தில் ஆட்டிப் பார்த்தார். என் வலது குதிகாலுக்கு அருகே இன்னும் பெரிதாகக் கத்தியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்டனை போனால் போகிறது, என் திட்டம் பலித்துவிட்டது. மாமா டிடெக்டரை மெல்லக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு சொட்டு இரத்தமில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "மூச்சு விடுங்கோ, பிள்ளை," என்றார். நான் நன்றாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பிறகு குப்புறப் படுத்தார். அவருடைய கன்னம் என் சப்பாத்தில் முட்டுகிற அளவுக்குக் கிட்ட இருந்தது. மண்வாரியை விட்டுவிட்டு, விரல் நுனியால் மண்ணைத் துளித் துளியாக விலக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழைத் தண்ணீர் அவர் பிடரியில் வழிந்துகொண்டிருந்தது.

பச்சை தெரிந்தது.

அவர் அதை எடுத்தார். கட்டைவிரலால் சேற்றைத் துடைத்தார். அது எந்தக் காசு என்று அவருக்குத் தெரிந்த நொடியை நான் பார்த்தேன். இப்போது திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. காசு அவர் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் குனிந்து பாய்ந்து எடுத்து, வேலிப்பக்கம் உயர்த்திப் பிடித்து, "ரோமன் கொயின்! மாமா கண்டுபிடிச்சிட்டார்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார். அவர் காசைப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மாமா எழுந்திருக்கவில்லை. முழங்காலில் இருந்தபடியே என் வலது கணுக்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். பிறகு இடது கணுக்காலை. சப்பாத்தை மேலிருந்து நுனிவரை அழுத்தித் தடவினார். மறுபடி வலதுக்குப் போனார், மறுபடி இடதுக்கு. புதுச் சப்பாத்தைச் சேறாக்கிவிட்டேன், அதைத் துடைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு அவ்வளவு வேலை வைத்துவிட்டேனே என்று பாவமாக இருந்தது. அன்றைக்கு மட்டும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, அவருக்கு விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னேன்.

"விடுங்கோ மாமா. அம்மா கழுவுவா."